மழலைக்கு மகிழ்வது பற்றாகுமா?

இளந்தாய்மார் சிலர் நம்மிடம் அவ்வப்போது கேட்கும் வினா ஒன்றுண்டு. "குழந்தை பேசப் பழகுகிறது. ஒரு புதுச் சொல்லைச் சொல்லிவிட்டால் அன்று முழுதும் அதுவே நெஞ்சில் நிற்கிறது. மாலையில் சாமாயிகத்துக்கு அமர்ந்தால் பஞ்ச மந்திரத்தின் ஊடேயும் அந்தச் சொல்தான் கேட்கிறது. இது பற்றுதானே, டீச்சரம்மா? வினைக்கட்டுத்தானே?" என்பார்கள். கேட்கும்போதே முகத்தில் மகிழ்ச்சியும் அச்சமும் மாறி மாறித் தோன்றும்.

வினா எளிதன்று. நூல்வழி நின்று விடை கூறப் புகுந்தால் 'ஆம், பற்றே' என்றுதான் கூறவேண்டும். மோகனீய வினையின் பிரிவுகளில் கஷாயங்களை அடுத்து ஒன்பது நோகஷாயங்கள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் முதலாவது சிரிப்பாகிய ஹாஸ்யம். இரண்டாவது விருப்பமாகிய ரதி. மழலை கேட்கும் தாயின் முகத்தில் முதலில் எழுவன இவ்விரண்டுமே. முனிவர் இவற்றை விலக்க முயல்வது முறை. ஆனால் இங்கே கேட்டவர் முனிவர் அல்லர். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு பருப்புச் சாதம் ஊட்டும் சாவகி. அவரை நோக்கி 'மகிழாதே' என்பது அறமாகுமா? நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது இதனையே.

திருவள்ளுவ தேவர் மக்கட்பேற்றை ஏழாம் அதிகாரமாக வைத்து, மழலையின் இனிமையை இசைக்கருவிகளின் இனிமைக்கு மேலாகப் போற்றினார். அவரே 35ஆம் அதிகாரத்தில் துறவையும் 37ஆம் அதிகாரத்தில் அவாவறுத்தலையும் வைத்தார். முன்னதை எழுதுங்கால் பின்னதை மறந்திருந்தார் என்று கூற எவருக்கும் துணிவு வராது. ஆதிபகவனும் இல்லறத்தில் இருந்த காலத்தில் தம் புதல்வியர் பிராம்மி, சுந்தரி இருவரையும் மடியில் அமர்த்தி, ஒருத்திக்கு எழுத்தையும் மற்றவளுக்கு எண்ணையும் கற்பித்தார் எனப் புராணம் கூறுகிறது. பிற்காலத்தில் அவ்விருவரும் ஆரியாங்கனைகள் ஆயினர். மடியில் அமர்ந்து கற்ற கல்வி துறவுக்குத் தடையாகவில்லை.

அந்த ஆதிபுராணத்திலேயே நம் கருத்தைக் கவர்ந்த செய்தி மற்றொன்று உண்டு. ஜினசேனாசாரியர் 9ஆம் நூற்றாண்டில் இயற்றிய அந்நூல், கருவுறுதல் தொடங்கி வீடுபேறு ஈறாக 53 கிரியைகளைக் கூறுகிறது. பெயரிடுதலுக்கு ஒரு கிரியை உண்டு. குழந்தையை முதன்முறை வீட்டுக்கு வெளியே கொண்டு வருதற்கு ஒன்று, இருக்கையில் அமர்த்துதற்கு ஒன்று, சோறூட்டுதற்கு ஒன்று, ஆண்டு நிறைவுக்கு ஒன்று, முடி களைதற்கு ஒன்று, ஐந்தாம் ஆண்டில் எழுத்தறிவித்தற்கு ஒன்று என வரிசையாக உள்ளன. முதற்சொல்லுக்கு மட்டும் கிரியை இல்லை. பெற்றோர் வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருக்கும் அந்நிகழ்ச்சிக்கு ஏன் ஒரு சடங்கை வைக்கவில்லை?

நமக்குத் தோன்றும் காரணம் எளியது. அதற்கு நாள் குறிக்க இயலாது. நாள் குறிக்க இயலாதது மட்டுமன்று, நடந்து முடிந்த பின்னும் எது முதற்சொல் என்று எவராலும் துணிந்து கூற இயலாது. 'ம்மா' என்றது என்பாள் தாய். 'ப்பா' என்றுதான் முதலில் சொன்னது என்பான் தந்தை. இருவரும் இல்லாதபோது 'தாத்தா' என்று தெளிவாகச் சொன்னதாகப் பாட்டி சாதிப்பார். ரோமன் யாகப்சன் என்ற மொழியியலறிஞர் 1960இல் வெளியான கட்டுரை ஒன்றில் இதனை ஆராய்ந்தார். ஒன்றோடொன்று உறவில்லாத பல மொழிகளிலும் தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்களில் மகரமும் பகரமும் போன்ற ஒலிகள் மிகுந்திருப்பதன் காரணத்தைத் தேடினார். இதழ்களை மூடித் திறந்தாலே பிறக்கும் ஒலிகள் அவை. பால் குடிக்கும்போது வாய் மூடிய நிலையில் மூக்கின் வழியே எழும் முனகலே மகர ஒலிக்கு மூலம் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின் அந்த முதல் 'ம்மா' எவரையும் அழைத்ததன்று, வெறும் முனகல். (இதை எந்த இளந்தாயிடமும் நாம் நேரில் கூறியதில்லை. கூறவும் மாட்டோம்.)

ஆனால் அந்த முனகலைத் தாய் அழைப்பாக ஏற்றுக்கொள்கிறாள். ஓடி வருகிறாள், முகம் மலர்கிறாள், மீண்டும் சொல் என்கிறாள். அவள் அங்ஙனம் ஏற்றுக்கொண்டதாலேயே சில வாரங்களில் அது உண்மையில் அழைப்பாகிவிடுகிறது. பொருளில்லாத ஒலிக்குப் பொருள் தந்தது அவள் மகிழ்ச்சி.

இது வெறும் புகழ்ச்சியன்று என்பதற்குச் சான்றுண்டு. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைக்கேல் கோல்ட்ஸ்டீன் முதலிய ஆய்வாளர் மூவர், எட்டு மாத அளவிலான குழந்தைகளையும் அவர்தம் தாய்மாரையும் வைத்து ஒரு சோதனை செய்தனர். ஒரு குழுவில், குழந்தை ஒலியெழுப்பிய உடனே தாய் புன்னகைத்தாள், நெருங்கி வந்தாள், தொட்டாள். மற்றொரு குழுவில் தாய் அதே அளவு புன்னகைத்தாள், தொட்டாள். ஆனால் அது குழந்தையின் ஒலியோடு பொருந்தாத வேளைகளில் நிகழ்ந்தது. முதற்குழுவின் குழந்தைகளுடைய மழலை, சிறிது நேரத்திலேயே பேச்சொலியை மேலும் நெருங்கியதாக மாறியது. இரண்டாம் குழுவினுடையது மாறவில்லை. தாய் ஒரு சொல்லும் கற்பிக்கவில்லை. உரிய வேளையில் மகிழ்ந்தாள், அவ்வளவே. அதே 2003இல் பட்ரீசியா கூல் என்ற அம்மையாரும் குழுவினரும் மற்றொன்றைக் கண்டனர். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள், எதிரில் அமர்ந்து விளையாடிய சீனமொழி பேசுவோரிடமிருந்து சீன ஒலிகளை வேறுபடுத்தி அறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. கைப்பேசியைக் குழந்தையின் முன் சாய்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குச் செல்லும் தாய்மார் இதனை எண்ணிப் பார்க்கலாம். திரையிலும் சொற்கள் இருக்கின்றன. திரை மகிழ்வதில்லை.

ஆகவே, பேசப் பழகும் குழந்தைக்குப் பெற்றோரின் மகிழ்ச்சி ஓர் உணவு. நம் நூல்கள் கொல்லாமை நோன்பின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக அன்னபான நிரோதத்தை, அதாவது சார்ந்து வாழும் உயிர்க்கு உணவும் நீரும் மறுத்தலைக் கூறுகின்றன. பற்றை வெல்கிறேன் என்று கருதி, மழலை பேசும் குழந்தையின் முன் முகத்தை இறுக்கிக்கொள்ளும் தாய் செய்வது அதற்கு நெருங்கியதே என்போம். இது நூலில் உள்ள விரிவன்று. நாம் கொள்ளும் விரிவு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முதல் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்த பழக்கத்தால் இதனைத் துணிந்து கூறுகிறோம். தன் சொல்லுக்கு வீட்டில் ஒருவர் முகமாவது மலரக் கண்ட பிள்ளை, பள்ளியில் முதல் வாரமே கையை உயர்த்தும். எவர் முகமும் மலரக் காணாத பிள்ளை, வெளியே போகவேண்டும் என்பதைக் கூடக் கேட்கத் தெரியாமல் பாவாடையை நனைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும். ஆசிரியப் பயிற்சியில் இதனை எந்தப் பாடமும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அதே ஐந்து அதிசாரங்களுள் அதிபார ஆரோபணம், அதாவது தாங்கவொண்ணாச் சுமை ஏற்றுதல் என்பதும் உண்டு. வந்தவர் முன்னெல்லாம் இரண்டு வயதுக் குழந்தையை நிறுத்தி, 'சொல்லு, சொல்லு' என்று ஆங்கிலப் பாட்டையும் நாட்டின் தலைநகரங்களையும் ஒப்பிக்கச் செய்வோருக்கு அது பொருந்தும். அக்குழந்தை சொல்லும்போது அதன் கண் பொருளின்மேல் இல்லை. நம் முகத்தின்மேல் இருக்கிறது. இதைப்பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இனி, நாம் முதன்மையாகக் கருதும் இடத்துக்கு வருவோம்.

கோம்மடசாரம் வசன யோகத்தை நான்காகப் பகுக்கிறது: மெய், பொய், மெய்யும் பொய்யும் கலந்தது, மெய்யுமன்று பொய்யுமன்று என்பது. நான்காவதாகிய அனுபய மொழிக்கு ஒன்பது வகைகளைக் காட்டுகிறது. அழைத்தல், ஏவல், இரத்தல், வினவுதல், அறிவித்துக்கொள்ளல், 'இதை விட்டேன்' என விலக்கல், ஐயுறல், விருப்பத்துக்கு இசைதல், எழுத்துருப் பெறாத ஒலி என்பன அவை. 'வா' என்பதில் மெய் ஏது, பொய் ஏது? இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை வயதுக் குழந்தையின் பக்கத்தில் அரைநாள் அமர்ந்து பாருங்கள். 'ம்மா' என்பது அழைத்தல். 'வா', 'போ' என்பன ஏவல். 'தா' என்பது இரத்தல். 'என்னா' என்பது வினவுதல். 'வேணா' என்பது விலக்கல். இது மிக விரைவில் வந்துவிடும். பெயர் வைக்க இயலாத எஞ்சிய ஒலியெல்லாம் எழுத்துருப் பெறாதவை. பழத்தைப் 'பயம்' என்று சொல்லி, 'பயம் வேணும்' என்று கை நீட்டுகிறதே, அங்கும் பொய்யில்லை. ழகரத்துக்கு நா இன்னும் பழகவில்லை. கேட்பது என்னவோ வாழைப்பழம்தான்.

மெய்க்கும் பொய்க்கும் முற்பட்ட நிலத்தில் நின்று பேசுவதால்தான் மழலை நம்மை இவ்வளவு ஈர்க்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. நாளெல்லாம் நாம் கேட்கும் சொற்களில் ஐயத்தோடு எடைபோட வேண்டாதவை எத்தனை? கடைக்காரர் சொல், உறவினர் சொல், மேடைச் சொல் அனைத்தையும் எடைபோட்டுக் களைத்த செவிக்கு, எடைபோட வேண்டாத ஒரு சொல் கிடைக்கிறது. அந்த மகிழ்ச்சியில் இளைப்பாறுதலும் கலந்திருக்கிறது.

ஆனால் அந்நிலம் சிறியது. இரண்டு வயதுக்கும் மூன்றுக்கும் இடையில் குழந்தை நடந்ததைச் சொல்லத் தொடங்குகிறது. 'காக்கா வந்துச்சு', 'தாத்தா போயாச்சு' என்று செய்தி கூறும் ஆற்றல் வந்தவுடனே, நடவாததைக் கூறும் ஆற்றலும் உடன் வருகிறது. பாலைக் கொட்டியது யார் என்றால் 'பூனை' என்கிறது. வீட்டில் பூனையே இல்லை. கேட்டவர் அனைவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். 'என்னமாய்ப் பேசுகிறது பார்' என்று அத்தைக்கும் சித்திக்கும் தொலைபேசியில் சொல்கிறோம். குழந்தை அதையும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

குழந்தையின்மேல் குற்றமில்லை. வினைக்குக் காரணமாகிய பிரமாதமும் வஞ்சக எண்ணமும் அவ்வயதில் ஏது? அதை அடிப்பதும் அதட்டுவதும் பெரும் அறியாமை. நாம் கருதுவது நம் சிரிப்பை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினைக்கு வாயில்கள் மூன்று என்று சிறு வயது முதல் கற்றிருக்கிறோம். உடன்படுதலாகிய அனுமோதனைக்குப் பெரிய சொற்கள் வேண்டுவதில்லை. முகம் மலர்ந்தால் போதும். எட்டு மாதத்தில் 'ம்மா'வைச் சொல்லாக்கிய அதே மலர்ச்சி, இரண்டரை வயதில் 'பூனை'யைச் சொல்லாக்குகிறது. கடன் கேட்டு வந்தவரிடம் 'அப்பா இல்லை என்று சொல்' எனக் கற்பிப்பது செய்வித்தல். அதைத் தீது என்று எல்லாரும் அறிவர். அதைவிட மெல்லிய வாயில் இந்தச் சிரிப்பு. இதனை எவரும் காவல் செய்வதில்லை.

பொய்யைவிட நம்மை வருத்துவது மற்றொன்று. பாத்திரம் துலக்க வரும் அம்மையாரை வீட்டில் பெரியவர் ஒருவர் 'ஏய்' என்று அழைப்பதைக் குழந்தை கேட்டிருக்கும். மறுநாள் அவர் வாயிலில் நுழைந்ததும் அந்தப் பொடி நாக்கு 'ஏய், சீக்கிரம் வா' என்கிறது. வீடே சிரிக்கும். அந்த அம்மையாரும் சிரிப்பார். சிரிக்காமல் என்ன செய்வார்? அவர் பேத்திக்கும் அதே வயதிருக்கலாம். எறும்புக்கு வழிவிட்டு நடக்கும் நம் வீடுகளிலும் இது நடக்கிறது. அங்கே யாரோ ஒருவர் சிரிக்காமல் இருந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, 'பாட்டி, வாங்க என்று சொல்லு' என்றால் அது 'பாத்தி, வாங்க' என்று சொல்லும். அப்போது மகிழலாம். அந்த மகிழ்ச்சி புண்ணியாஸ்ரவம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

மகன் வாய்ச்சொல்லில் ஒரு தாய் கொண்ட பற்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு வசுராஜன் கதை சான்று. ஸ்ரீபுராணம் படிக்கும் வீடுகளில் அறிந்த கதைதான். க்ஷீரகதம்பர் என்ற ஆசிரியரிடம் அவர் மகன் பர்வதனும், நாரதனும், அரசிளங்குமரன் வசுவும் பயின்றனர். ஆசிரியர் துறவு பூண்ட பின், வேள்வியில் 'அஜம்' கொண்டு செய்க என்ற தொடரின் பொருள்பற்றி வாது எழுந்தது. மூன்றாண்டு வைத்த, முளைக்காத தானியம் என்றே ஆசிரியர் கூறினார் என்றான் நாரதன். ஆடு என்றான் பர்வதன். தோற்றவன் நாவை இழப்பது பந்தயம் எனக் கூறுவாரும் உண்டு. நடுவன், உடன் பயின்ற வசு. அப்போது அவன் அரசன். வாய்மையால் அவன் சிங்காதனம் வானில் நிற்பதாக உலகம் போற்றியது. உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத படிகத்தின் மேல் நின்றது. பர்வதனின் தாய்க்கு மகன் கூறியது பிழை எனத் தெரியும். தெரிந்தும் இரவோடு இரவாக வசுவிடம் சென்று, அவன் தரவேண்டியிருந்த குருதட்சிணையை நினைவூட்டி, மகன் சொல்லையே மெய்யென்று கூறும்படி கேட்டாள். அவனும் கூறினான். சிங்காதனம் வீழ்ந்தது, வசு நரகம் எய்தினான். உயிர்ப்பலி வேள்வி உலகில் பரவுதற்கு அது காரணமாயிற்று என்பது கதை.

இக்கதையைக் கேட்போர் வசுவை இகழ்வர், பர்வதனைப் பழிப்பர். நம் நினைவு அந்தத் தாயிடமே செல்கிறது. அவள் கொடியவள் அல்லள். ஒரு நாவைக் காக்க ஓடினாள். அந்த நா முதன்முதல் 'அம்மா' என்றபோது மகிழ்ந்தவள்தானே அவள்? அம்மகிழ்ச்சியில் பிழையில்லை. பின்னர் அந்நாவிலிருந்து வந்த எதற்கும் முகம் சுளிக்க அவளால் இயலாமற் போயிற்று. ஆட்டின் உயிர் அவள் கணக்கில் வரவில்லை. பற்று என்று நூல்கள் அஞ்சுவது இதனை.

ஆகவே வினவிய தாய்மார்க்கு நம் விடை இது. மகிழுங்கள், அஞ்ச வேண்டா. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றுக்கு வாத்சல்யம் என்று பெயர். கன்றைக் குறிக்கும் வத்ஸம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. அறவழி நிற்போர் எல்லாரிடத்தும் கொள்ளவேண்டிய அன்புக்கு நம் ஆசாரியர்கள் உவமை தேடியபோது, கன்றை நோக்கும் பசுவைத்தான் கண்டனர். தன் கன்றோடு நின்றுவிட்டால் அது ரதி. அடுத்த வீட்டுக் குழந்தை தத்தித் தத்திச் சொல்லும் சொல்லுக்கும் அதே முகம் மலருமானால் அது வாத்சல்யத்தின் தொடக்கம். சாமாயிகத்தில் குழந்தையின் சொல் கேட்டால் கேட்கட்டும். அதனோடு போராடினால் இன்னும் உரத்துக் கேட்கும். அச்சொல்லை எண்ணி முடித்துவிட்டு மந்திரத்துக்குத் திரும்பலாம்.

அடுத்த வீட்டுக் குழந்தை என்றதும் ஒன்று கூறத் தோன்றுகிறது. மழலைக்கு மகிழும் பெற்றோர் கூடும் இடத்தில், பேசாத குழந்தையின் தாய் ஒருத்தியும் இருப்பாள். 'எங்களுடையது பத்து மாதத்திலேயே பேசியது' என்று நாம் கூறும் சொல் அவளுக்கு அம்பு. 'அவன் அப்பாவும் ஐந்து வயதில்தான் பேசினான், தானாக வரும்' என்று கூறும் ஆறுதல் அதைவிடக் கேடு. ஓராண்டாகியும் 'பபப', 'மமம' போன்ற ஒலித்தொடர் எழாவிட்டாலும், ஒன்றேகால் ஆண்டைக் கடந்தும் ஒரு சொல்லும் வாராவிட்டாலும், இரண்டாண்டில் 'பால் தா' போல இரு சொல் தாமாகச் சேராவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிச் செவியைச் சோதித்துக்கொள்வது கடமை. ஐந்து வயது வரை காத்திருக்கலாகாது.

உயிரின் இயல்பு அறிவு. அது வெளிப்படும் வாயில் நா ஒன்றேயன்று. ஈரறிவு உயிர்க்கு நாவும் வசனபலமும் ஒருங்கே வாய்க்கின்றன என்று நூல்கள் பிராணங்களை எண்ணும் முறையிலிருந்து அறிகிறோம். ஆனால் பத்துப் பிராணங்களுள் பத்தாவதாகிய மனம் நாவில் அடங்குவதன்று. 1991இல் லாரா பெட்டிட்டோ என்ற ஆய்வாளரும் பவுலா மாரன்டெட் என்பவரும் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒளி தருகிறது. காது கேளாத பெற்றோரிடம் சைகை மொழியைக் கண்டு வளரும் காது கேளாத குழந்தைகள், பிற குழந்தைகள் வாயால் 'பபப' என்னும் பருவத்திலேயே கைகளால் மழலை பேசுகின்றன என அவர்கள் காட்டினர். பொருளில்லாத, ஆனால் மொழியின் அளவுக்கு உட்பட்ட கையசைவுகள் அவை.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் பெண் குழந்தை ஒன்றுக்குப் பிறவியிலேயே செவிப்புலன் இல்லை. முதலாண்டு முழுதும் அவ்வீட்டில் எவர் வந்தாலும் அழுகைதான். பின்னர் தாயும் தந்தையும் சைகை மொழி பயிலச் சென்றனர். பாட்டியாருக்கு நம்மைவிட இரண்டு வயது கூடுதல்; விரல்களில் வாதம் வேறு. அவரும் பெற்றோரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகினார். இப்போது பேத்திக்கு நான்கு வயது. பாட்டியார் 'பழம்' என்பதைக் கையால் காட்ட முயலும்போதெல்லாம் விரல் ஒத்துழையாமல் வேறேதோ ஆகிவிடுகிறது. குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அம்முதிய விரல்களைப் பற்றி மடக்கித் திருத்தி, 'மீண்டும் சொல்' என்று சைகை செய்கிறது.